வண்டிமறிச்சம்மனும் மனு எண் அறுபத்திரண்டும்

வாங்க மேடம், இப்படி நிழல்ல உக்காருங்க. அந்தப் பெஞ்சு வேண்டாம், ஒரு கால் ஆடும். அதுக்கு மனு போட்டிருக்கேன். மனு எண் நூத்திப் பதினாலு. நீங்க உக்காந்திருக்க பெஞ்சும் ஆடிக்கிட்டுத்தான் கெடந்தது. எண்பத்தேழாம் நம்பர் மனுவுல சரியாச்சு. சரியாச்சுன்னா, யாரோ ஒரு செங்கல முட்டுக்குடுத்துட்டுப் போயிருக்காவ. ஆனா மனு போட்ட பொறவுதான் செங்கல் வந்துது. அதையும் பாக்கணும்லா?

நான்தான் உமையொருபாகம். ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லியிருப்பாரு. உப்போடைப்பேட்டை ரயில் பயணிகள் நலச் சங்கம், செயலாளர். முப்பத்தொரு வருஷமா நான்தான். தலைவர் மூணு பேர் மாறிட்டாவ, அதுல ரெண்டு பேர் செத்தே போயிட்டாவ. நான் இருக்கேன்.

ஸ்டேஷனுக்கு நூத்தி இருவது வருஷம் ஆகுது, விழா மலர் போடுதிய, கல்வெட்டு வைக்கிய, எல்லாம் கேள்விப்பட்டேன். சந்தோஷம். கல்வெட்டுல யாரு பேரெல்லாம் வரும் மேடம்? இல்ல, சும்மாதான் கேட்டேன். நீங்க எழுதிக்கிடுங்க.

எங்க வீட்டம்மா அந்தா கவுண்டர்ல நிக்கா பாருங்க, பச்சைச் சேலை. ஆவுடையம்மாள்னு பேரு. டவுன்ல கண்ணாஸ்பத்திரிக்குப் போறோம். எனக்கு டிக்கெட் வேண்டாம், மாசச் சீசன் பாஸ் இருக்கு. ரிட்டயர்டு ஆயி ஒம்போது வருஷம் ஆச்சு, மாசம் தவறாம சீசன் எடுத்திருதேன். ஒரு செயலாளர் சட்டைப்பையில சீசன் இல்லாம இந்தப் பிளாட்பாரத்துல நடக்கலாமா? இவளுக்கும் எடுத்துத் தாரேன்னு கல்யாணமான நாள்ல இருந்து சொல்லுதேன். கேக்க மாட்டா. ஒவ்வொரு தடவையும் வரிசையில நின்னு டிக்கெட் எடுத்துட்டு வந்தாத்தான் அவளுக்கு மனசு ஆறும். படிக்காதவ இல்ல, எட்டாங்கிளாஸ். இருந்தாலும் என்ன செய்ய?

சரி, சரித்திரத்துக்கு வருவோம். ஸ்டேஷன் ஏன் ஊருல இருந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்குன்னு எல்லாரும் கேப்பாவ. நீங்களும் ஆட்டோவுல வரும்போது நெனச்சிருப்பிய. அதுக்குக் காரணம் எங்க பூட்டனாரு. வெள்ளைக்காரன் தேரடிக்குப் பக்கத்துலதான் ஸ்டேஷன் கட்ட அளந்துட்டுப் போனான். எங்க பூட்டனாருக்கு அங்க வெத்தலைக் கொடிக்கால் இருந்தது. ரயில் புகை பட்டா கொடி கருகிரும்னு ஒரு மனு எழுதுனாரு பாருங்க! பதினெட்டுப் பக்கம். கலெக்டர் படிச்சிட்டு ஒடனே நடவடிக்கை எடுத்துட்டான். தூக்கி இந்த முள்ளுக்காட்டுல வச்சிட்டான். ஒரே மனு! அந்த ரத்தம்தான் எனக்கும்.

கொடிக்காலா? அது அடுத்த வருஷமே நோவு விழுந்து பட்டுப்போச்சு. அது வேற விஷயம். ஊருல இருந்து ஸ்டேஷனுக்கு டவுன் பஸ் விடணும்னு நான் இதுவரைக்கும் பதினாறு மனு போட்டிருக்கேன். இன்னும் வரல.

மீட்டர் கேஜைப் பிடுங்கிட்டு அகலப்பாதை போட்டப்போ நாலு வருஷம் வண்டியே இல்ல. பிளாட்பாரத்துல ஆடு படுத்துக் கெடந்தது. பொறவு வண்டி வந்துது. வந்து என்ன? காலையில இருட்டோட ஒரு பாசஞ்சர், பத்து மணிக்கு ஒரு பாசஞ்சர். ஆபீசுக்குப் போறவன் எதுல போவான்? ஏழு பன்னெண்டுக்கு எக்ஸ்பிரஸ் இருக்கு, ஆனா அது நிக்காது. நாங்க எல்லாரும் பிளாட்பாரத்துல நிக்கோம், அது ஊதிக்கிட்டு எங்க வேட்டியத் தூக்கிவிட்டுட்டுப் போகுது. இதுல என்ன வயித்தெரிச்சல்னா, அடுத்தால மேலச்செங்குளத்துல நிக்கும்! அங்க என்ன இருக்கு? ஒரு பஞ்சு மில் மதில், ஒரு வேப்பமரம், ஒரு டீக்கடை. கரி எஞ்சின் காலத்துல அங்க தண்ணி பிடிக்க நிப்பாட்டுனான். கரி போச்சு, தண்ணி போச்சு, நிக்கது மட்டும் போகல.

விட்டேனா நான்? நாப்பதாம் நம்பர்ல இருந்து அறுபதாம் நம்பர் வரைக்கும் எல்லாம் அந்த எக்ஸ்பிரஸுக்குத்தான். கடைசியில ரயில்வேக்காரங்க எறங்கி வந்தாவ. ஆறு மாசம் சோதனைக்கு நிப்பாட்டுதோம்னாவ. இந்த ஊருக் கவுண்டர்ல அந்த வண்டிக்கு ஒரு நாளைக்கு நாப்பது டிக்கெட் விக்கணும், கடைசி ரெண்டு மாசத்தக் கூர்ந்து பாப்போம், இல்லன்னா எடுத்திருவோம்னாவ. முத நாள் வண்டி நின்னப்போ நான் அழுதுட்டேன் மேடம். எஞ்சினுக்கு மாலை போடப் போனேன், உயரம் எட்டல, டிரைவர் குனிஞ்சு வாங்கிக்கிட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலம் தேரடியில பாராட்டுக் கூட்டம். நான் பேசுனேன். பேச்சு வேகத்துல ஒரு வார்த்தை விட்டுட்டேன். 'இந்த நிறுத்தத்த எவனாவது எடுத்தா, என் மீசையில ஒரு பக்கத்த எடுத்துட்டு இதே தேரடியில ஒரு நாள் பூரா நிப்பேன்'னு சொல்லிட்டேன். ஒரே கைதட்டு. இப்ப நரைச்சிட்டு, அன்னைக்கு நல்லா கறுகறுன்னு, ரெண்டு பக்கமும் முறுக்கி, பாக்க லெட்சணமா இருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஆவுடை தட்ட எடுத்து வச்சா. சோறு போட்டுட்டு என் மீசையவே பாத்துக்கிட்டு இருந்தா. ரெண்டு நாளா அப்படித்தான் பாத்தா. பெருமைதான், வேறென்ன.

சரி, டிக்கெட் விக்கணும்லா? நான் சும்மா இருப்பேனா? சங்கத்துல நூத்தி இருவத்தாறு பேர். எல்லாரையும் கூப்பிட்டு, 'ஆளாளுக்குக் கவுண்டர்ல போயி இடிச்சுக்கிட்டு நிக்காதிய, ஒழுங்கா எல்லாரும் சீசன் எடுங்க'ன்னு சொன்னேன். சுவர்லயே எழுதிப் போட்டோம், 'சீசன் எடுப்போம், ஸ்டேஷனைக் காப்போம்'னு. அந்த வாசகம் நான் யோசிச்சது. அத்தனை பேர் பாரத்தையும் நானே வாங்கி, டவுன்ல ஆபீசுக்கு எதுத்தாப்புல இருக்க பெரிய ஸ்டேஷன்ல குடுத்து, நூத்தி இருவத்தாறு சீசனையும் ஒரே நாள்ல எடுத்துட்டு வந்துருவேன். மாசா மாசம். சேவைதான். ஒரு வாய்க் காப்பி வாங்கிக் குடிச்சதில்ல.

அப்படி இருந்தும், நாலு மாசம் கழிச்சுப் பாத்தா, ஒரு நாளைக்குப் பதினொண்ணு, பதிமூணு டிக்கெட்தான் வித்திருக்குங்கான்! வண்டியில நிக்க எடமில்ல, கவுண்டர்ல டிக்கெட் விக்கலயாம். யாரு குத்தம் சொல்லுங்க? கவுண்டர்ல அப்ப சூசை மாணிக்கம்னு ஒரு ஆளு. நல்ல மனுசன்தான், ஆனா சூட்டிக்கை பத்தாது. விக்கத் தெரியல. எங்கிட்ட மூணு தடவை என்னமோ சொல்ல வந்தாரு. 'சார், இந்த சீசன் இருக்குல்லா...'ன்னு ஆரம்பிப்பாரு. 'நீரு உம்ம வேலையப் பாரும், சீசன நாங்க பாத்துக்கிடுதோம்'னு அனுப்பிச்சிருவேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே வந்துட்டாரு. நான் அறுபத்தொண்ணாம் நம்பர் மனுவ எழுதிக்கிட்டு இருந்தேன். அதுதான் மேடம் பெரிய மனு. முப்பத்திரண்டு பக்கம். எங்க பூட்டனாரையே தாண்டிட்டேன். நான் தலை நிமிரல. அவரு அடுப்படி வாசல்ல நின்னு ஆவுடைகிட்ட அரைமணி நேரம் பேசிட்டுப் போனாரு. 'என்னளா கேட்டாரு'ன்னேன். 'ஊறுகா கேட்டாரு'ன்னா. ரயில்வேயில இருக்க மனுசன், ஸ்டேஷன் மூழ்கப் போற நேரத்துல, வீடு தேடி வந்து ஊறுகா கேக்காரு. இந்த லெச்சணத்துல டிக்கெட் எப்படி விக்கும்?

இதுக்கு நடுவுல வீட்டுல ஒரு கூத்து. அடுத்த வெள்ளிக்கிழமை ஆவுடை மஞ்சச் சேலையக் கட்டிக்கிட்டு நிக்கா. என்னளான்னேன். நேத்திக்கடன்னா. மேலச்செங்குளத்துல வண்டிமறிச்சம்மன் கோயில் இருக்காம். ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள், தெனமும் போயிக் கும்பிட்டுட்டு வரணுமாம். அவ அம்மா காலத்துல இருந்து பாக்கியா நிக்க வேண்டுதலாம். கல்யாணமாயி பதினாறு வருஷத்துல ஒரு நாள் கூட சொன்னதில்ல. நம்ம பக்கத்துலதான் ஊருக்கு ஒரு வண்டிமறிச்சம்மன் உண்டே, இருக்கும்னு விட்டுட்டேன். நான் மனு எழுதுத மும்முரத்துல இருக்கேன், கோயில் எங்க இருக்குன்னு கேட்டுக்கிட்டா இருக்க முடியும்?

இவ ஒருத்தி போனாப் பரவால்ல. எங்க தெரு, பின்னாடி தெரு, தேரடித் தெருன்னு தன்னோட சேத்து நாப்பது பொம்பளையளக் கூட்டிட்டா. எல்லாருக்கும் எப்படி மேடம் ஒரே நேரத்துல பாக்கி வேண்டுதல் ஞாபகம் வரும்? பாத்துக்கிடுங்க. காலையில ஏழு மணிக்கு இந்தக் கவுண்டர் முன்னால மஞ்சச் சேலை வரிசை. எக்ஸ்பிரஸ்ல ஏறி மேலச்செங்குளத்துல எறங்கி, டவுன்ல இருந்து வர பாசஞ்சர்ல திரும்பி வருவாவ. எனக்கு நாப்பத்தெட்டு நாளும் பழைய இட்லி. நான் கோவிச்சுக்கிட்டா ஊறுகாய எடுத்து வைப்பா.

அப்பவும் நான் நல்லதுதான் சொன்னேன். 'ஏளா, நாப்பது பேருக்கும் சீசன் எடுத்துத் தாரேன், பாதிக்குப் பாதி மிச்சம்'னேன். அதுக்கு அவ சொன்னத எழுதிக்கிடுங்க, சிரிப்பிய. 'நேத்திக்கடனுக்கு சீசன் ஆகாது, தெனம் தெனம் டிக்கெட் எடுத்தாத்தான் அம்மனுக்குச் சேரும்'ங்கா! அம்மனுக்கும் ரயில்வே டிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்? இந்த மூடநம்பிக்கை இருக்க வரைக்கும் நாம எங்க முன்னேற?

எனக்கு ஆபீஸ்காரங்க முன்னால ஒரே வெக்கம். நாப்பது பேரும் குலவை போட்டுக்கிட்டு ஏறுவாவ. ஏறி முடிக்கதுக்குள்ள வண்டி ஒரு நிமிஷம் லேட்டு. வீட்டம்மான்னா விட்ர முடியுமா? பொதுவாழ்க்கைன்னு வந்துட்டா வீடு வேற, சங்கம் வேற. எழுதிட்டேன் ஒரு மனு. அறுபத்திரண்டாம் நம்பர். 'தினமும் பெண்கள் கூட்டம் மிகுதியாக ஏறுவதால் வண்டி தாமதமாகிறது, தக்க நடவடிக்கை எடுக்கவும்'னு அரைப்பக்கம்தான். ஆவுடைகிட்டயும் படிச்சுக் காமிச்சேன். எனக்கு ஒளிவு மறைவு கெடையாது. அவ கேட்டுட்டு, 'நல்லா எழுதியிருக்கிய, இன்னைக்கே போட்ருங்க'ன்னா. அவளே தபால் பெட்டிக்குக் கொண்டு போனா.

சோதனை முடிஞ்சுது. நிறுத்தம் நிரந்தரம்னு தந்தி மாதிரி ஒரு கடுதாசி வந்துது. முப்பத்திரண்டு பக்கம் வேலை செஞ்சுட்டு மேடம்! அன்னைக்கு இருந்து இருவத்தொரு வருஷமா நிக்குது. மீசையும் நிக்குது. கல்வெட்டுல 'செயலாளர் உமையொருபாகம் அவர்களின் அறுபத்தொன்றாவது மனுவினால்'னு ஒரு வரி போட்டா, நான் சந்தோஷமாக் கண்ண மூடுவேன். வேற ஒண்ணும் கேக்கல. வாழ்நாள்ல அந்த ஒரு வரிக்குத்தான் ஆசைப்பட்டிருக்கேன்.

அந்தக் கோயிலா? நான் போன ஆடியிலதான் முத முறையாப் போனேன். நன்றின்னு ஒண்ணு இருக்குல்லா, அம்மனுக்கும் ஒரு கும்பிடு போட்டுருவோம்னு. ஆவுடை வேண்டாம் வேண்டாம்னா, முழங்கால் வலிக்குன்னா. நான் தனியாப் போனேன். அந்த வேப்பமரம்தான் கோயில். மஞ்சத்துணி சுத்தியிருக்கு, தகரக் கொட்டகை போட்டிருக்கு, செவ்வாய் வெள்ளி கூட்டமாம். டீக்கடைக்காரர்தான் பூசாரி. மரத்துல நூல் நூலா என்னமோ தொங்குது. என்னன்னு பாத்தா, அந்தக் காலத்து அட்டை டிக்கெட்! ஓட்டை போட்டு, கோத்துக் கட்டியிருக்கு. உப்போடைப்பேட்டையில இருந்து மேலச்செங்குளம்னு அச்சு. மழையில வெளுத்து, நூத்துக்கணக்குல.

பூசாரி என்ன சொன்னாருங்கிய? 'இருவத்தொரு வருஷம் முன்னால இங்க ஒண்ணுமே கெடையாது சார். பேட்டையில இருந்து பொம்பளைய கூட்டமா வந்தாவ, மரத்துல துணியக் கட்டி, டிக்கெட்டக் கட்டி, எங்கிட்ட டீ வாங்கிக் குடிச்சுட்டுப் போனாவ. அதுல இருந்துதான் அம்மன்'ங்காரு. எனக்குக் கோவம் வந்துட்டு. 'ஓய், இது எங்க மாமியார் காலத்துக் கோயில், தெரியாட்டா தெரியாதுன்னு சொல்லும், சரித்திரத்தத் திரிக்காதேயும்'னு சொல்லிட்டு வந்துட்டேன். இத மலர்ல போட வேண்டாம் மேடம். ஸ்டேஷன் வரலாறுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

என்னது மேடம் அது? பழைய ஃபைலா? நம்ம நிறுத்தத்து ஃபைலா! குடுங்க, குடுங்க. எங்க என் கண்ணாடி... அட, என் கையெழுத்து! பாத்தியளா, ஓரத்துல செவப்பு மையில அதிகாரி எழுதியிருக்காரு. 'நிறுத்தம் கேட்டவரே இப்போது கூட்டம் அதிகம் என்று புகார் செய்கிறார். கூட்டம் இருப்பது உறுதி. நிறுத்தத்தைத் தொடரலாம்.' பாத்தியளா! நான் சொல்லல? என் மனுதான்! என் மனுவுலதான் எழுதியிருக்காரு! இது எத்தனையாவது... அறுபத்து... ரெண்டா?

அறுபத்தொண்ணு எங்க? முப்பத்திரண்டு பக்கம்? இந்தா இருக்கு. நூல் கூட பிரிக்கல. அப்படியே கெடக்கு.

இருங்க. இது என்ன, டிக்கெட் கணக்கா? பதினொண்ணு. பதிமூணு. ஒம்போது. பதினொண்ணு. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை அம்பத்திரண்டு. அம்பத்துமூணு. அம்பத்தொண்ணு. எல்லாம் சூசை மாணிக்கத்தோட கையெழுத்து. டவுன்ல எடுத்த சீசன் ஒண்ணு கூட இதுல ஏறல. எத்தனை நாள் இப்படி? நீங்களே எண்ணிட்டியளா? எத்தனை?

நாப்பத்தெட்டு.

தண்ணி இருக்கா மேடம், ஒரு வாய்?

ஏளா ஆவுடை! இங்க வா. டிக்கெட்ட முந்தானையில அப்புறம் முடிஞ்சுக்கலாம், வா. இது மேடம், ரயில்வே ஆபீஸ்ல இருந்து வந்திருக்காவ. இந்த ஃபைலப் பாரு. இப்ப மழுப்பாமச் சொல்லு. அன்னைக்கு சூசை மாணிக்கம் ஊறுகாயா கேட்டாரு? சிரிக்காத. அது நேத்திக்கடனா, இல்லையா?

கேட்டியளா மேடம், என்ன சொல்லுதான்னு? 'நேத்திக்கடன்தான். இந்த ரயில் நிக்கணும்னு நேந்துக்கிட்டோம், நாப்பது பேரும்'ங்கா. ஒரு வார்த்தை எங்கிட்டச் சொன்னா என்னளா? 'சொல்லியிருந்தா எங்களுக்கும் சேத்துச் சீசன் எடுத்திருப்பிய'ங்கா. இந்தா, மேடமும் சிரிக்காவ. சிரிங்க, நல்லாச் சிரிங்க.

இல்லளா, எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஒரே ஒண்ணு சொல்லு. நாப்பத்தெட்டு நாளு, வேகாத வெயில்ல அந்த மதில் ஓரத்துல போயி உக்காந்தியே, ஸ்டேஷனுக்காகவா?

கேட்டியளா? 'ஸ்டேஷனு கெடந்துட்டுப் போகுது. இந்த முகத்த ஒரு பக்க மீசையோட தேரடியில வச்சு ஊரே பாக்க, என்னால சகிக்க முடியாது'ங்கா.

முப்பத்தேழு வருஷம் குடும்பம் நடத்திட்டேன் மேடம். இவ என்னப் பாத்த அளவுக்கு நான் இவளப் பாக்கல. அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் கல்வெட்டு மேடம். என் பேரே வேண்டாம்னு சொல்லமாட்டேன், அவ்வளவு பெரிய மனுசன் இல்ல நான். மொதல்ல ஆவுடையம்மாள்னு போடுங்க. மத்த முப்பத்தொம்போது பேரையும் அவ சொல்லுவா. சூசை மாணிக்கம் பேரையும் போடுங்க. கல்லுல எடம் மிச்சம் இருந்தா கடைசியில உமையொருபாகம், மனு எண் அறுபத்திரண்டு. அறுபத்தொண்ணு இல்ல, அறுபத்திரண்டு. சரித்திரத்தத் திரிக்கக் கூடாது.

வண்டி வர இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு. நீங்க இவகிட்டப் பேசிக்கிட்டு இருங்க, நான் கவுண்டர் வரைக்கும் போயிட்டு வந்திருதேன். சீசன் சட்டைப்பையிலதான் இருக்கு மேடம். இருந்துட்டுப் போகட்டும். முப்பத்தொரு வருஷத்துல இந்தக் கவுண்டர்ல நான் ஒரு டிக்கெட் எடுத்ததில்ல.

ஏளா, அங்க போயி என்ன சொல்லிக் கேக்கணும்?